பாடத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

ஹோர்டான் படகுத்துறை,
கிமாராஸ்.
திங்கட்கிழமை, விடாத மழை.

என் இன்டாய், என் செல்ல மகள் ரெனாலினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் என் மூன்று சக்கர வண்டியும் கோழிகளும் நன்றாக இருக்கிறோம், வண்டிக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே பாகியோ மலைக்குளிரில் நீயும் உன் இரண்டு போர்வைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ஹாங்காங்கில் உன் அம்மாவும் சுகம்தான், அவள் வேலை செய்கிற வீட்டுப் பெரியவருக்குக் காலில் கட்டுப் போட்டிருப்பதால் இந்த மாதம் அவளுக்கு விடுமுறை இல்லையாம். போன் இருக்கிற காலத்தில் அப்பா எதற்குக் காகிதமும் பேனாவும் வாங்கினார் என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. ஆறாம் வகுப்போடு என்னையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்துவைத்தார்கள், அதில் இரண்டு பேருக்குமே நிம்மதி, அதனால் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். காகிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நான் சொன்னதை நீ எனக்கே திருப்பிச் சொல்ல முடியாது. பதிவும் செய்ய முடியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் நான் குளித்து, காலர் வைத்த நீலச் சட்டையைப் போட்டு, தலைக்குப் பொமேடு தடவி, மீசையைச் சீவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத போன் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மகள் பேசுகிறாள், நிறையப் படித்த மகள், அழுக்கு பனியனோடு எப்படிப் பேசுவது? யாரும் கேட்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள் என்று நீ சொன்னாயே, அதற்காகச் சிற்றாலயத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பயணிகள் உட்காருகிற பெட்டிக்குள் நானே பயணி மாதிரி உட்கார்ந்துகொள்வேன். வரிசையில் பக்கத்து வண்டிக்கார டோமெங் ஒரு தடவை பார்த்துவிட்டான். “என்ன மனோங் செனிங், போனுக்குள்ள பொண்ணு பாக்கப் போறியா? பொமேடு வாசனை படகுத்துறை வரைக்கும் வருது” என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். “என் மக என் குரலப் பதிவு பண்ணி வெச்சுக்கறாடா. குளிர்ல தூக்கம் வரலன்னா போட்டுக் கேப்பா. உன் குரலக் கேட்டா உன் மக தூங்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சு ஓடுவா” என்றேன். வண்டி வரிசையே சிரித்தது. அதோடு விட்டேனா? ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். மீன்கூடைக்காரிகளிடம் சொன்னேன், நகராட்சிக் கணக்கரிடம் சொன்னேன், பாதிரியாரை ஞானஸ்நானத்துக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அவரிடமும் சொன்னேன். அவர் என்னை ஆசீர்வதித்தார். இப்போது அந்த ஆசீர்வாதத்தை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. பேட்டரி தீரவில்லை, மழையில் சிக்னல் போகவில்லை. போன் என் மடியில்தான் இருந்தது, உன் பெயர் எரிந்து எரிந்து அணைந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘மாங் கிகோய்க்குப் போன் வந்தது’ என்று வியாழக்கிழமை நான் அனுப்பிய ஒரு வரிக்கு நீ அனுப்பிய நீளமான பதிலையும் படித்தேன், படித்துவிட்டேன் என்று உனக்குக் காட்டியிருக்கும். நடந்ததை நீ என் வாயால் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலைப் படகில் இறங்கிய ஒரு தம்பதியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன், அந்த அம்மாள் மடியில் அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சு. போன் அடித்தது. ஒரு பெண்குரல், நம் ஊர்ப் பேச்சில் இல்லை, தகலோக் மொழியில், “மாங் கிகோய் இருக்காருங்களா?” என்றது. தப்பான நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கிகோய். “கிகோய்னு ஒருத்தன் எங்க வீட்ல இருந்தான்மா. சேவல். சண்டைக்களத்துல எறக்கிவிட்ட மொத நாளே வேலியத் தாண்டி ஓடிப்போயிட்டான். என்ன விஷயம்?” என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “மன்னிச்சுக்குங்க, நான் டாக்டர் வில்லாருஸ் பேசறேன். ஞாயித்துக்கெழமை உங்களோட பேசற ரெனாலினோட பேராசிரியர்” என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். வண்டியை ஓரம் கட்டினேன். ஆமாம்மா, அது என் மகள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூட நேரமில்லை, அதற்குள் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனாள். ஆலோசகர் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் மேற்பார்வையில் இத்தனை மணி நேரம் என்று வெளியாட்களோடு பேசிப் பழக வேண்டுமாம், பேசினவரின் பெயரை மாற்றித்தான் எழுத வேண்டுமாம், அதனால்தான் கிகோய். அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், பிள்ளைகளிடம் சொல்லாமல், பேசினவர்களில் ஒருவரை அவளே கூப்பிட்டு எப்படி நடத்தினார்கள் என்று விசாரிப்பாளாம். “உங்க நெஜப் பேரு எனக்கு வேணாம். ஆனா ஒரு கேள்வி கேட்டே ஆகணும். ரெனாலின் உங்களுக்குச் சொந்தமா? முன்னாடியே பழக்கமா? சொந்தக்காரங்கள வெச்சுப் பழகினா படிப்புலருந்தே எடுத்துடுவோம். உங்கள யாருன்னே தெரியாதுன்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க” என்றாள்.

யாரென்றே தெரியாது. இன்டாய், அந்த இடத்தில் எனக்கு ஒன்றொன்றாக விளங்க ஆரம்பித்தது, கூரை ஒழுகுகிற மாதிரி, இங்கே ஒரு சொட்டு அங்கே ஒரு சொட்டு. பேச்சை ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு தடவையும் “நாம பேசறது பதிவாகுது, சம்மதமா?” என்று கேட்டாயே, நான் என் குரல் மேல் உனக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்து, “சம்மதம், பாட்டும் பாடவா?” என்றேனே. நான் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் “தனியா சாப்பிடறது உங்களுக்குப் பிடிக்கலைங்கறீங்க” என்று அதையே திருப்பிச் சொன்னாயே. மலையில் இருந்து பேசுவதால் எதிரொலிக்கிறதோ என்று நினைத்தேன். அப்புறம் உனக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று கவலைப்பட்டு உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி அனுப்புகிறேன் என்றாள். பேச்சு நல்ல ருசியாக வருகிற நேரத்தில் “இன்னைக்கு நம்ம நேரம் முடியப்போகுது” என்பாய், என் போனில் காசு தீர்ந்துவிடும் என்று பிள்ளை யோசிக்கிறது என்று நினைத்தேன், கூப்பிட்டது நீ என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. இதெல்லாம் போகட்டும். ஓரம் கட்டிய வண்டியில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், சம்மதமா என்று கேட்டதில் இருந்து நேரம் முடிந்தது என்கிற வரைக்கும், நீ ஒரு தடவைகூட என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. அதற்கு முன்னால் கூப்பிட்டாய், அதற்குப் பின்னால் கூப்பிட்டாய். நடுவில் இல்லை. பதிவில் விழுந்துவிடக் கூடாது அல்லவா.

நான் பேசாமல் இருந்ததை அந்த அம்மாள் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என்னைத் தேற்றுவதற்காக இன்னொன்றும் சொன்னாள். “காத்தாலைக்குக் கீழ ஒக்காந்து அழுதேன்னு சொன்னீங்கல்ல, அந்த எடத்த வகுப்புல போட்டுக் கேட்டோம். ரெண்டு மூணு பொண்ணுங்க அழுதுட்டாங்க. இவரு சிரிப்ப வெச்சு வலிய மூடிக்கறவருன்னு ரெனாலின் அவ்வளவு அழகா எடுத்துச் சொன்னாங்க. உங்களால எல்லாரும் நெறைய கத்துக்கிட்டாங்க, மாங் கிகோய்” என்றாள்.

உன் அம்மா கடைசியாக வந்துவிட்டுப் போகும்போது படகுத்துறையில் என்னிடம் சொன்னது, உன்னோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணியும் உள்ள என்ன நெனைக்கறன்னு எனக்குத் தெரியாது, உன் கேலிதான் தெரியும் என்று, அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. படகு போனதும் வண்டியைச் சான் லொரென்சோ காற்றாலை வரைக்கும் ஓட்டிப்போய், அந்த இறக்கைச் சத்தத்தில் எவனுக்கும் கேட்காது என்று தெரிந்து, பொழுது சாய்கிற வரைக்கும் கத்தி அழுதேன். பிறகு வந்து டோமெங்கிடம், பொண்டாட்டி போய்ட்டா, இனிமே என் சட்டிச் சோத்துல பங்கு கேக்க ஆள் இல்ல என்று சிரித்துக் காட்டினேன். இது காற்றாலைக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. உன்னிடம் சொன்னேன். நீ அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாய். பாகியோவில் எனக்கு முகம் தெரியாத பிள்ளைகள் என் அழுகைக்குக் கைக்குட்டை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிந்த தகலோக் எல்லாம் தொலைக்காட்சி நாடகத் தகலோக்தான், அதில் எதைச் சொன்னாலும் யாரோ சாகப்போகிற மாதிரி இருக்கும். “பேராசிரியரம்மா, அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும்” என்று சொன்னேன். சரி, ரெனாலின் உங்களை நடத்தியதில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா. சாப்ட்டீங்களான்னு மட்டும் ஒரு நாள்கூட கேக்கல” என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். “அது எங்க தப்பு. அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லிக் குடுக்கறோம்” என்றாள். நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது, நல்ல மனுஷியிடம் பொய் சொன்னது. போனை வைத்ததும் பின்னால் இருந்த அம்மாள் யாரது என்று கேட்டாள். தப்பான நம்பர் என்றேன். அவர்களை இறக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், கோழிக்குஞ்சுகள்தான் முதலில் சத்தம் போட்டன. நேற்றுப் பூசையில் நற்கருணை வரிசையில் நான் எழுந்து போகவில்லை. பக்கத்துவீட்டு மனாங் பெபெங் முழங்கையால் இடித்து, “நற்கருணைக்கு முன்னாடியே எதையாவது தின்னுட்டியா?” என்று கேட்டாள். ஆமாம், பொய்யைத் தின்றுவிட்டேன் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உன்னை அந்தப் படிப்பில் சேர்க்க நாம் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இலோயிலோவில் நாலு வருஷம் மனதைப் பற்றிப் படித்து முடித்து வந்தாய், நான் கோழி அடித்தேன். அப்போதுதான் சொன்னாய், ஆலோசகர் ஆக இது பத்தாது, மேற்படிப்பு வேண்டும், அதற்கப்புறம் அரசாங்கப் பரீட்சை, அதற்கப்புறம்தான் உரிமம் என்று. வண்டி ஓட்ட ஒரு உரிமம், பிறத்தியார் பேசுவதைக் கேட்க அதைவிடப் பெரிய உரிமமா என்று கேலி செய்தேன். பிறகு நுழைவுத் தேர்வு. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை. உன்னை நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் கொடுக்கிற பரிந்துரைகள், அதில் ஒருத்தர் பக்கோலோடுக்கு மாற்றலாகிப் போயிருந்தார், இரண்டு படகு ஏறி அவர் வீட்டைத் தேடிப் போனது நான்தான், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு மதியச் சாப்பாடும் போட்டார். உடம்புக்குச் சான்று, மனதுக்குச் சான்று. அப்புறம் அந்த நன்னடத்தைச் சான்றிதழ். உன் பழைய பள்ளிக்கூடத்து எழுத்தர் மூன்று நாள் அலையவிட்டார், நான்காம் நாள் மழையில், ஐஸ் மிட்டாய் போடுகிற பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக் கொண்டுவந்தேன். சொட்டு ஈரம் படவில்லை. இவள் ஒழுக்கமானவள் என்று முத்திரை குத்தியிருந்ததை வாசலில் நின்று இரண்டு தடவை படித்தேன். நேர்முகத்துக்குப் போய்வந்து நீ சொன்னாய், அப்பா, அங்க மார்க்கு மட்டும் பாக்கல, ஆளயே பாக்கறாங்க, நம்பி ஒருத்தர் மனசு விட்டா அத நாம எப்படி வெச்சுக்குவோம்னு பாக்கறாங்க என்று. எனக்கு அன்றைக்குப் பெருமையில் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் மறக்கவில்லை. முதல் வருஷத்தில் டோமெங்கின் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருந்தார்களே, நீ கொஞ்சம் பேசிப் பார் என்று கேட்டேன். “முடியாதுப்பா. அவரு எனக்கு ஞானத்தகப்பன். தெரிஞ்சவங்களுக்குச் செய்யக் கூடாதுங்கறதுதான் எங்களுக்கு மொதப் பாடம்” என்று கறாராகச் சொன்னாய். நான் அதையே டோமெங்கிடம் சொன்னேன், அவனும், அடேயப்பா, பெரிய இடத்துப் படிப்புதான் என்று ஒத்துக்கொண்டான். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது மெழுகுவர்த்தி பிடித்த ஞானத்தகப்பனுக்கு அந்த விதி பொருந்துகிறது, பெற்றவனுக்குப் பொருந்தவில்லையா? தெரியாமல் செய்திருந்தால் நான் இந்தப் பேனாவே வாங்கியிருக்க மாட்டேன்.

உன் பதிலில் எழுதியிருந்தாய், பேச வந்தவர்கள் பாதியில் வராமல் போய்விட்டார்கள், மணிக்கணக்கு முடிக்கக் கெடு நெருங்கிவிட்டது, கூட்டாளிகள் எல்லாம் முடித்துவிட்டார்கள், பயத்தில் செய்துவிட்டேன் என்று. அது எனக்குப் புரிகிறது, பெட்ரோல் முடிகிற நேரத்தில் நானும் கோணல் வழியெல்லாம் போயிருக்கிறேன். அதற்கடுத்த வரிதான் எனக்குச் செரிக்கவில்லை. ‘முதலில் பாடத்துக்காகத்தான் கேட்டேன், பிறகு நிஜமாகவே கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். எந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாடம், எந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மகள்? நான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிரிக்க வரவில்லை. ‘அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று மெதுவாகக் கேட்டாயே, அது பாடமா? காற்றாலையைச் சொன்னபோது நீ ரொம்ப நேரம் பேசவில்லையே, அழுகிறாய் என்று நினைத்து நான் ஒரு கேலி பேசிச் சமாளித்தேனே, அது அழுகையா, பேசாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த இடமா? அப்போது நான் உனக்காக அல்லவா கேலி பேசினேன். அதையும் வலியை மூடுகிற கணக்கில் எழுதிவிட்டாயா?

வலியை மூடிக்கொள்கிறவர் என்கிற அந்த வார்த்தையைக் கேட்டதில் இருந்து எனக்கு ஒரு கேலிகூட ஒழுங்காக வரவில்லை, அதுதான் பெரிய நஷ்டம். வாயைத் திறந்தால் யாரோ பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை முழுக்க வரிசையில் வாயைத் திறக்கவில்லை. டோமெங் முதலில் பல்வலியா என்றான், பிறகு யார் செத்தது என்றான், சாயங்காலம் ஆனதும் ஆஸ்பத்திரியில் ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டான், அவன் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அவனைத் தேற்றுவதற்காகவாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன், நன்றாக இல்லை, அவன் பாவம் சிரித்தான்.

இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நானும் மறைத்தவன் ஆகிவிடுவேன். நீ செய்தது வேலை செய்தது. உன்னோடு பேச ஆரம்பித்த பிறகு ஒரு நாள் உன் அம்மா கூப்பிட்டபோது நான் கேலி எதுவும் பேசாமல், “நீ இல்லாம வீடு பெருசா இருக்குடி” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பதறிப்போய், உடம்பு சரியில்லையா, யாராவது பக்கத்துல இருக்காங்களா, போன அவங்ககிட்ட குடு என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வர விடுமுறை கேட்கிறேன் என்றாள். இதை உனக்கு நேற்று சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன், நீலச் சட்டையோடு. ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்றால் ஏமாந்தோம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உதவியது. உதவிய கை யாருடையது என்று தெரியவில்லை, அதனால்தான் இப்படி வலிக்கிறது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். முடித்துவைக்கிற பேச்சு என்று கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது, அது இல்லாமல் கணக்கு முடியாது, ஒரே ஒரு தடவை கிகோயாகப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறாய். மாட்டேன். கிகோய் வேலியைத் தாண்டிப் போய்விட்டான். உன்னை யாரென்று தெரியாது என்று ஒரு தடவை சொன்னேன், உனக்காகச் சொன்னேன், அது வாயில் இன்னும் கசக்கிறது, இன்னொரு தடவை என்னால் முடியாது. நான் அந்த அம்மாளைக் கூப்பிட்டு உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், அந்தப் பயம் வேண்டாம். நீயே போ. அவள் மேசைக்கு முன்னால் நின்று, அந்த மாங் கிகோய் என் அப்பா என்று உன் வாயால் சொல். அங்கேயாவது ஒரு தடவை அப்பா என்று சொல். எடுத்துவிட்டார்கள் என்றால் எடுத்துவிடட்டும். வீட்டுக்கு வா, ஒரு வருஷம் என் சமையலைத் தின்று பார், அதைவிடப் பெரிய தண்டனை அவர்களிடமும் இருக்காது. மறுபடியும் தேர்வு எழுது. பக்கோலோடு வாத்தியார் வீட்டுக்கு மறுபடி நான் போகிறேன், அவர் வீட்டு மீன்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நன்னடத்தைச் சான்றிதழுக்கும் நானே போய் நிற்கிறேன். எனக்கு ஆசை எல்லாம், இந்தத் தடவை அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவரும்போது உள்ளே எழுதியிருப்பது நிஜமாக இருக்க வேண்டும். நாளைக்கு யாரோ ஒரு வண்டிக்காரன், யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்லப்போகிறான். அவனுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான்.

அந்தப் பதிவுகளை என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காற்றாலையை அழித்துவிடு. மற்றதில் நான் பாட்டுப் பாடவா என்று கேட்ட இடம் வேண்டுமானால் இருக்கட்டும், ஒருவேளை நிஜமாகவே தூக்கம் வராவிட்டால். உன் அம்மாவிடம் இதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை, காதுக்குச் சொட்டு மருந்து வந்தால் வாங்கி வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு டோமெங்கின் அக்காள் வறுத்த முந்திரியும், உலர்ந்த மாம்பழமும், கொஞ்சம் கருவாடும் வைத்திருக்கிறேன். கருவாட்டை அறைக்குள் வைக்காதே, உன் அறைத்தோழி போன தடவையே அழுதாள் என்றாய். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு மலைக்காற்றில் நிற்காதே. வெறும் நூடுல்ஸிலேயே காலம் தள்ளாதே. பயமாக இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் போவதைத் தள்ளிப்போடாதே, தள்ளிப்போட்டால் பயம் குட்டி போடும். காற்று பலமாக இருந்து படகு நின்றுவிட்டால் இது வந்து சேர நாளாகும், அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, அதே மாமரத்தடியில் வண்டிக்குள் இருப்பேன். பதிவு செய்யாமல் கூப்பிடு. பேராசிரியரிடம் சொல்லிவிட்டாய் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, நேரம் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லவில்லை என்றால், சாப்பிட்டீர்களா அப்பா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடு. நான் சாப்பிட்டேன் என்று சொல்கிறேன்.

நீ என் காலடியில் இல்லாவிட்டாலும் என் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்ததாக நினைத்துக்கொள்கிறேன். கோபத்தோடு இருக்கிற கைதான், ஆனாலும் ஆசீர்வாதம் குறையாது. ஆண்டவர் உன் பேச்சையும் உன் காதையும் நேராக வைக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னை யாரென்று நன்றாகத் தெரிந்த,
உன் அப்பா
ஆர்செனியோ (செனிங்)

பின்குறிப்பு: மழை சற்று விட்டதால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும் என்று நீலச் சட்டையைத் துவைத்து வேலியில் போட்டுவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டேன். மனாங் பெபெங்கின் ஆடு அதைத் தின்றுவிட்டது. காலர் முழுக்கப் போயிற்று, இடது கையும் போயிற்று. பொத்தான்களை மட்டும் துப்பியிருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.